பழகிப்போன கொசுவும் பழகாத மனமும்

மாலையில் கொசுவர்த்தி ஏற்றிவைக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு: “இந்த மருந்துக்கெல்லாம் கொசு பழகிப்போச்சு.” மருந்துக்கடை வாசலில் அதுவே, “ஆன்டிபயாட்டிக் அடிக்கடி சாப்பிட்டா உடம்புக்குப் பழகிடும்” என்றாகும். பருத்திக்காட்டில் நிற்பவர், “எத்தனை தடவை அடிச்சாலும் புழு மருந்துக்கு அடங்க மாட்டேங்குது” என்பார். மூவரும் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால், அந்த மூன்று இடங்களிலும் நடந்ததற்குப் ‘பழக்கம்’ என்பது சரியான பெயர் அல்ல.

எந்தக் கொசுவும் மருந்துக்குப் பழகவில்லை. மருந்தைத் தாங்காதவை செத்தன. பிறவியிலேயே சற்று வேறுபட்டிருந்த சில கொசுக்கள் பிழைத்து முட்டையிட்டன. அந்த வேறுபாடு அடுத்த தலைமுறைக்குப் போனது. பல தலைமுறைகள் கழித்து நம் வீட்டுக்குள் வருபவை பெரும்பாலும் அப்படிப் பிழைத்தவற்றின் வாரிசுகள். தனிக் கொசு எதுவும் தன்னை மாற்றிக்கொள்ளவில்லை. கூட்டத்துக்குள் எந்த வகை எத்தனை என்ற கணக்கு மட்டுமே மாறியது. கிருமியிலும் புழுவிலும் நடந்தது இதுவே. 1859இல் வெளியான ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலில் சார்லஸ் டார்வின் விளக்கிய இயற்கைத் தேர்வு இதுதான். இதைப் பள்ளியில் படித்துத் தேர்வெழுதிய நாமும் வீட்டுக்கு வந்ததும் ‘பழகிப்போச்சு’ என்றே சொல்கிறோம்.

பரிணாமத்தை ஏற்காதவர்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அறியாமை, மூடநம்பிக்கை என்ற சொற்கள் உடனே வந்து விழுகின்றன. உளவியல் ஆய்வுகள் காட்டும் படம் வேறு. அன்றாட உலகைப் புரிந்துகொள்ள மனித மனம் கையாளும் நல்ல வழிகளே பரிணாமத்துக்குக் குறுக்கே நிற்கின்றன. சாவு பற்றிய அச்சம், ஒழுக்கம் பற்றிய கவலை, நம்மவர்மீதுள்ள பாசம் ஆகியவை அவற்றோடு சேர்ந்துகொள்கின்றன. இந்த மனத்தடை எல்லாருக்குள்ளும் இருக்கிறது. அதனால்தான் பரிணாமத்தை இளவயதிலேயே பொறுமையாகக் கற்பிக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் அதைப் பள்ளிப் பாடத்திலிருந்து எடுப்பது பெரும் பிழையாகிறது.

எதற்காக என்னும் கேள்வி

பாறைகள் ஏன் கூர்மையாக இருக்கின்றன? அமெரிக்க உளவியலாளர் டெபோரா கெலமன் ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டார். துகள்கள் நெடுங்காலம் சேர்ந்து சேர்ந்து அப்படி ஆயின என்பது ஒரு பதில். விலங்குகள் மேலே உட்கார்ந்து நொறுக்கிவிடாமல் இருப்பதற்காக, உடம்பு அரித்தால் அவை உரசிக்கொள்வதற்காக என்பவை வேறு பதில்கள். குழந்தைகள் பெரிதும் விரும்பியது ‘அதற்காக’ என்று முடியும் பதில்களை. 1999இல் இந்த ஆய்வு வெளிவந்தது.

குழந்தைகள்தானே என்று விட்டுவிட முடியாது. 2013இல் வெளியான ஆய்வில் கெலமனும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவின் முன்னணிப் பல்கலைக்கழகங்களில் பணியாற்றும் அறிவியலாளர்களைச் சோதித்தார்கள். யோசிக்க நேரம் தராமல் சட்டென்று பதில் கேட்டபோது, இயற்கை நிகழ்வுகளுக்கு நோக்கம் கற்பிக்கும் தவறான வாக்கியங்களைச் ‘சரி’ என்று அவர்கள் ஒப்புக்கொள்வது கூடியது; நேரம் கிடைத்தபோது குறைந்தது. பல ஆண்டுப் படிப்பு குழந்தைப் பருவத்து எண்ணத்தை அழிப்பதில்லை. அதன்மேல் ஒரு மூடியைப் போடுகிறது. அவசரத்தில் மூடி திறந்துகொள்கிறது.

இந்த எண்ணம் நமக்கு வந்ததில் வியப்பில்லை. நாம் வாழ்வது செய்பொருள்களுக்கு நடுவே. அரிவாள்மனை காய் நறுக்க, உறி பூனைக்கு எட்டாமல் பாலை வைக்க. எதிரில் வருபவர் எதற்காக வருகிறார் என்று ஊகிக்கத் தெரியாதவர் ஊரில் பிழைக்க முடியாது. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தைக் காணும்போதும் அதே கேள்வி எழுகிறது: எதற்காக? உயரத்து இலையைத் தின்பதற்காக. பதில் கிடைத்துவிட்டதால், எப்படி வந்தது என்ற அடுத்த கேள்வி எழுவதே இல்லை.

நம் மொழிநடையும் இதற்குத் துணைபோகிறது. ‘ஒட்டகம் பாலைவனத்துக்கு ஏற்பத் தன்னைத் தகவமைத்துக்கொண்டது’ என்று பாடம் நடத்துகிறோம். ‘கொண்டது’ என்ற வினை வந்ததும் ஒட்டகம் ஏதோ முடிவெடுத்துச் செயல்பட்டது போன்ற தோற்றம் வந்துவிடுகிறது. ‘பரிணாம வளர்ச்சி’ என்று சேர்த்துச் சொல்லும் வழக்கமும் இப்படித்தான். வளர்ச்சி என்றால் கீழிருந்து மேலே போவது. ஆனால், பரிணாமத்துக்கு மேல் கீழ் கிடையாது. குடலுக்குள் வாழும் நாடாப்புழுவுக்கு உணவுப்பாதையே இல்லை. இருண்ட குகைகளில் வாழும் மீன்கள் சில பார்வையை இழந்திருக்கின்றன. இவையும் பரிணாமத்தின் விளைவுகளே.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இதைக் ‘கூர்ப்பு’ என்கின்றன. தொல்காப்பியத்தின் உரியியல் அந்தச் சொல்லுக்குத் தரும் பொருள், உள்ளது சிறத்தல், அதாவது மிகுதல். தொல்காப்பியர் உயிரியலைச் சொல்லவில்லை, சொற்பொருளைத்தான் சொன்னார். ஆனாலும், கூட்டத்தில் ஏற்கெனவே உள்ள ஒரு வேறுபாடு தலைமுறைதோறும் மிகுவதைக் குறிக்க இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது. ‘கொசு பழகிப்போச்சு’ என்பதற்குப் பதிலாக ‘தாங்குகிற கொசு மிகுந்துபோச்சு’ என்று சொல்லிப் பார்த்தால், பாதிப் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

புலிக்குப் பிறந்தது

“புலிக்குப் பிறந்தது பூனையாகுமா?” என்ற பழமொழிக்குள் ஒரு முழு உயிரியல் கொள்கையே இருக்கிறது. ஒவ்வோர் உயிரினத்துக்கும் உள்ளே மாறாத சாரம் ஒன்று உண்டு. பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு அது அப்படியே இறங்குகிறது என்பது அந்தக் கொள்கை. சூசன் கெல்மன், ஹென்றி வெல்மன் ஆகிய உளவியலாளர்கள் 1991இல் வெளியிட்ட ஆய்வில் நான்கு வயதுக் குழந்தைகளிடம் கேட்டார்கள்: பன்றிகளுக்கு நடுவிலேயே வளர்ந்த கன்று பெரிதானதும் மாட்டைப்போலக் கத்துமா, பன்றியைப்போல உறுமுமா? மாட்டைப்போலத்தான் என்றார்கள் குழந்தைகள். சரியான பதில். இந்த எண்ணம் இல்லாவிட்டால் நாற்றங்காலும் நடக்காது, மாட்டுச்சந்தையும் நடக்காது.

சிக்கல், இந்த எண்ணத்தைக் கோடி ஆண்டுகளுக்கு நீட்டும்போது வருகிறது. உயிரியலாளர் எர்னஸ்ட் மேயர் வாழ்நாள் முழுதும் வலியுறுத்தியது இது: இயற்கையில் உண்மையாக இருப்பது வேறுபாடுகள் நிறைந்த கூட்டம், ‘மாதிரிப் புலி’ என்ற ஒன்று நம் மனத்தில் மட்டுமே இருக்கிறது. இனங்களுக்கு நடுவே மாறாத சுவர் இருப்பதாக நினைப்பவருக்கு, ஒரு நாள் ஒரு குரங்கு சுவரேறிக் குதித்து மனிதனாக விழுந்ததாகவே பரிணாமம் தோன்றும். அப்படித் தோன்றினால் அவர் மறுப்பதே முறை.

“குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால், இன்றைய குரங்கு ஏன் மனிதனாகவில்லை?” என்ற கேள்வி பிறப்பது இங்கேதான். கேட்பவரைப் பார்த்துச் சிரிப்பவர்கள், தமிழில் இதற்குக் கைவசம் இருக்கும் பதிலை மறந்துவிடுகிறார்கள். நம் உறவுமுறையில் பங்காளி என்று ஒருவர் உண்டு. அவர் நமக்குத் தாத்தா இல்லை. அவரும் நாமும் ஒரே பாட்டனின் வழிவந்து, தனித்தனிக் குடும்பமாகப் பிரிந்தவர்கள். பங்காளி ஏன் இன்னும் நாமாக மாறவில்லை என்று யாரும் கேட்பதில்லை. சிம்பன்சி நமக்குப் பங்காளி. ஏறக்குறைய 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரே மூதாதையரிடமிருந்து அதன் வழியும் நம் வழியும் பிரிந்தன. இன்றைய சிம்பன்சி நம்மைப் பெறவில்லை. நாமும் அதிலிருந்து ‘உயர்ந்து’ வரவில்லை.

மாறாத சாரம் என்ற எண்ணம் விலங்குகளோடு நிற்பதில்லை என்பதுதான் நான் அதிகம் கவலைப்படும் இடம். ‘பிறவிக் குணம்’, ‘ரத்தத்திலேயே இருக்கு’ என்ற சொற்களோடு அது மனிதர்கள்மீது ஏறுகிறது. பிறந்த வீட்டைவைத்து ஒருவருடைய அறிவையும் தூய்மையையும் அளக்கும் சாதி, இந்த மனப்பழக்கத்தில்தான் வேர்பிடித்து நிற்கிறது. பரிணாமத்தை ஆழமாக உணர்ந்தவருக்கு, மனிதக் கூட்டத்துக்குள் மாறாத சாரமுள்ள பிரிவுகள் உண்டு என்று நம்புவது கடினம். பள்ளியில் பரிணாமம் கற்பிப்பது அறிவியலுக்கு மட்டும் செய்யும் தொண்டாக எனக்குத் தோன்றவில்லை.

எண்ணத்துக்கு எட்டாத காலம்

பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டுகள். இந்த எண்ணை வாசித்துவிடலாம், உணர்வது கடினம். ஓர் ஆண்டை ஒரு மில்லிமீட்டராக வைத்துக்கொண்டால் பூமியின் வயது 4,540 கிலோமீட்டர். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிக்கு வரும் தேசிய நெடுஞ்சாலையைவிட நீளம். இன்றைய நாள் கன்னியாகுமரியில் என்றால், டைனோசர்கள் மறைந்தது அதற்கு 66 கிலோமீட்டர் முன்னே. நம் மனித இனம் தோன்றியது கடைசி 300 மீட்டரில். கீழடியின் 2,600 ஆண்டுகள் இரண்டரை மீட்டர் சொச்சம். 80 வயது வாழ்ந்தவரின் ஆயுள் எட்டு சென்டிமீட்டர்.

எட்டு சென்டிமீட்டர் கோலைக் கையில் வைத்துக்கொண்டு, ‘குரங்கு மனிதனாவதை யாரும் பார்த்ததில்லையே’ என்று கேட்பது இயல்புதான். 2018 ஜனவரியில், மத்திய மனிதவள மேம்பாட்டுத் துறையின் இணையமைச்சராக இருந்த சத்யபால் சிங் டார்வினின் கோட்பாடு தவறு என்று பேசியபோது முன்வைத்த வாதமும் இதுவே. நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் கூட்டறிக்கை வெளியிட்டு அதை மறுத்தன. தலைமுறை சுருக்கமாக உள்ள உயிர்களில் பரிணாமத்தைப் பார்க்கவே முடியும். அமெரிக்காவில் உயிரியலாளர் ரிச்சர்ட் லென்ஸ்கி 1988இல் 12 குடுவைகளில் வளர்க்கத் தொடங்கிய ஈ.கோலை பாக்டீரியாக்கள் 75,000 தலைமுறைகளைக் கடந்துவிட்டன. அவற்றில் ஒரு குடுவையில், அதுவரை பயன்படுத்த முடியாதிருந்த சிட்ரேட்டை ஆக்சிஜன் உள்ள சூழலிலும் உணவாக்கிக்கொள்ளும் வகை உருவானது.

அச்சத்தின் நியாயம்

இதுவரை சொன்னவை அறிவின் தடைகள். நெஞ்சின் தடைகள் இவற்றைவிடப் பழையவை.

டார்வினின் மனைவி எம்மா ஆழ்ந்த கிறித்தவ நம்பிக்கை கொண்டவர். 1839இல் திருமணம் நடந்த காலத்தை ஒட்டி அவர் கணவருக்கு எழுதிய கடிதத்தில், கணவருடைய சமய ஐயங்கள் மறுமையில் இருவரையும் பிரித்துவிடுமோ என்ற துயரம் தெரிகிறது. அந்தக் கடிதத்தை டார்வின் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தார். 1851இல் அவர்களுடைய பத்து வயது மகள் ஆனி இறந்தாள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு மறுமை என்பது விவாதப் பொருள் அல்ல.

ஜெசிகா டிரேசி உள்ளிட்ட உளவியலாளர்கள் கனடாவிலும் அமெரிக்காவிலும் நடத்தி 2011இல் வெளியிட்ட சோதனைகள் எம்மாவின் துயரத்தை நினைவூட்டுகின்றன. தங்கள் சாவைப் பற்றி எண்ணிப் பார்க்கச் சொல்லப்பட்டவர்கள், உயிர்களை அறிவுள்ள ஒன்று வடிவமைத்தது என்ற கருத்தின் பக்கம் சாய்ந்தார்கள். பரிணாமத்தை ஆதரிக்கும் எழுத்து அவர்களுக்குப் பிடிக்காமல் போனது. இயற்கையை அறிவதிலேயே வாழ்வுக்குப் பொருள் உண்டு என்று சொல்லும் வானியலாளர் கார்ல் சேகனின் பகுதியையும் வாசிக்கத் தந்தபோது இந்தச் சாய்வு திசைமாறியது. இதில் பெரிய பாடம் இருக்கிறது. ஒருவரிடமிருந்து ஆறுதலை எடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பவருடைய சான்றுகள் அவர் காதில் ஏறாது.

ஒழுக்கம் பற்றிய கவலைக்கும் வரலாற்றில் காரணம் உண்டு. 1925 ஜூலையில் அமெரிக்காவின் டென்னசி மாநிலம் டேட்டன் ஊரில், மனிதப் பரிணாமத்தைக் கற்பித்ததாக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர்மீது வழக்கு நடந்தது. 100 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அரசுத் தரப்பில் வாதாடிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் மூன்று முறை குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றவர். ஏழை உழவர்களுக்காக நெடுங்காலம் குரல் கொடுத்தவர். வலியவர் எளியவரை நசுக்குவதை டார்வினின் கோட்பாடு நியாயப்படுத்திவிடும் என்று அவர் அஞ்சினார். அந்த வழக்கில் இடம்பெற்ற உயிரியல் பாடநூல் மனிதர்களை இனவாரியாகப் பிரித்து வெள்ளையர்களை உச்சியில் வைத்தது. ‘தகுதியற்றவர்கள்’ பிள்ளை பெறுவதைத் தடுக்க வேண்டும் என்ற எண்ணத்தையும் பரப்பியது. இரண்டு ஆண்டுகளில், 1927இல், கட்டாயக் கருத்தடைச் சட்டம் ஒன்றை அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஏற்றது.

பிரையன் அறிவியலில் தவறினார். ஆனால், அவருடைய அச்சம் வெறும் கற்பனை அல்ல. பரிணாமத்தை ஆதரிப்பவர்கள் இந்தக் கறையை ஒளிக்கக் கூடாது. இயற்கையில் என்ன நடக்கிறது என்பதை அறிவியல் சொல்லும். நாம் என்ன செய்ய வேண்டும் என்பதை அதிலிருந்து உருவிவிட முடியாது. பீகிள் கப்பல் பயணத்தில், தன்னைப் பயணத்துக்கு ஏற்றுக்கொண்ட தலைவர் ஃபிட்ஸ்ராயோடு அடிமைமுறையை எதிர்த்துச் சண்டையிட்டவர் டார்வின். மனிதர் அனைவரும் ஒரே குடும்பம் என்பதே பரிணாமம் சொல்லும் செய்தி. இதைச் சொல்லாமல் எலும்புக்கூடுகளை மட்டும் காட்டினால், ‘நாமும் விலங்குதான் என்றால் விலங்குபோல நடக்கலாமா’ என்ற கேள்வி பிள்ளைகள் மனத்தில் பதிலின்றிக் கிடக்கும்.

நம்மவர் பக்கம்

2012இல் அமெரிக்காவின் பொதுச் சமூகக் கணக்கெடுப்பில் ஒரு சோதனை நடந்தது. மனிதர்கள் முந்தைய உயிரினங்களிலிருந்து தோன்றினார்கள் என்ற வாக்கியத்தைச் சரி என்றவர்கள் 48 விழுக்காடு. அதே வாக்கியத்தின் முன்னே ‘பரிணாமக் கோட்பாட்டின்படி’ என்று சேர்த்ததும் 72 விழுக்காடு. பலருக்கு விடை தெரிந்திருக்கிறது. முதல் கேள்வி அவர்களுக்கு ‘உனக்கு என்ன தெரியும்’ என்று கேட்கவில்லை. ‘நீ யார், எந்தப் பக்கம்’ என்று கேட்டது. கோயிலிலும் தேவாலயத்திலும் திருமண வீட்டிலும் உடனிருப்பவர்களைக் கைவிட்டு, பார்த்திராத அறிவியலாளரின் பக்கம் போவதற்கு யாருக்கும் துணிவு எளிதில் வராது.

பக்கம் மாறச் சொல்லாதபோது கதவு திறக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் பெரும் பரிணாம உயிரியலாளர்களில் ஒருவரான தியோடோசியஸ் டோப்ஜான்ஸ்கி கிறித்தவ நம்பிக்கையைக் கைவிடாதவர். பரிணாமம் வெறும் ஊகத்தைவிட மேலானது என்று போப் இரண்டாம் ஜான் பால் 1996இல் அறிவித்தார். இப்படி உள்ளிருந்து வரும் குரல்கள், வெளியிலிருந்து வீசப்படும் ஏளனத்தைவிட நெடுந்தூரம் போகும்.

நம்மிடையே மறுப்பு வேறு உருவில் வருகிறது. எதிர்ப்பதற்குப் பதிலாக, ‘இதை நம் முன்னோர் அப்போதே சொல்லிவிட்டார்கள்’ என்று அணைத்துக்கொள்கிறோம். மீன், ஆமை, பன்றி என்று தொடங்கும் தசாவதார வரிசையைச் சிலர் காட்டுவார்கள். புல் முதல் தேவர் வரையிலான பிறவிகளைச் சொல்லும் திருவாசகத்தின் சிவபுராணத்தைச் சிலர் காட்டுவார்கள். ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை வகுக்கும் தொல்காப்பிய மரபியலைச் சிலர் காட்டுவார்கள். இவை பெருமைக்குரிய சிந்தனைகள். ஆனால், பேசும் பொருள் வேறு. ஓர் உயிரின் பல பிறவிப் பயணத்தைச் சொல்கிறது சிவபுராணம். உயிர்களை அறிவின் வரிசையில் அடுக்குகிறது மரபியல். ஒரு வகையிலிருந்து இன்னொன்று கிளைத்ததாக அது சொல்லவில்லை. பரிணாமம் ஏணி இல்லை; கிளை விரித்த மரம். நம் பெருமைக்குள் அடக்கிவிட்ட மகிழ்ச்சியில் அந்த மரத்தைப் பார்க்காமலேயே போய்விடுகிறோம். மறுப்பவராவது கேள்வி கேட்பார். ‘ஏற்கெனவே தெரியும்’ என்பவர் கேட்பதே இல்லை.

இளமையில் கல்

மனத்தடைகள் மூன்று நான்கு வயதிலேயே வேர்விடுகின்றன என்றால், பரிணாமத்தைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை தள்ளிப்போடுவது எதிர்த்திசையில் நடப்பது. கெலமன் குழுவினர் கற்பனை விலங்கு ஒன்றை வைத்து இயற்கைத் தேர்வைச் சொல்லும் படக்கதை நூல் தயாரித்தார்கள். ஐந்து முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகள் அதைப் புரிந்துகொண்டதையும் மூன்று மாதம் கழித்தும் மறக்காமலிருந்ததையும் 2014இல் வெளியான ஆய்வு காட்டுகிறது. கல்வியால் மாற்றம் வரும் என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. 2006இல் வெளியான 34 நாடுகளின் ஒப்பீட்டில் துருக்கிக்கு மட்டுமே மேலே இருந்த அந்நாட்டில், 2019இல் பரிணாமத்தை ஏற்பவர்கள் 54 விழுக்காடாக உயர்ந்திருந்தார்கள். அந்த உயர்வில் கல்விக்குப் பெரும் பங்குண்டு என்று ஆய்வாளர்கள் கண்டார்கள்.

நாமோ பின்னோக்கிப் போனோம். 2023இல் வந்த என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ‘மரபுவழியும் பரிணாமமும்’ என்ற பாடம் ‘மரபுவழி’ ஆகச் சுருங்கியது. மாணவர் சுமையைக் குறைப்பதாகக் காரணம் சொல்லப்பட்டது. 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்ப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் பரிணாமம் இருக்கிறது என்பது போதிய பதில் ஆகாது. பத்தாம் வகுப்போடு நிற்பவரும், வணிகவியலோ கணினி அறிவியலோ எடுப்பவரும் வாழ்நாளில் ஒரு முறைகூட அதைப் படிக்க மாட்டார்கள். அந்தப் பாடம் திரும்ப வேண்டும். தொடக்கப் பள்ளியிலிருந்தே கதையாகவும் களப்பயணமாகவும் அதற்கு அடித்தளம் போட வேண்டும்.

படிக்காததற்கு விலை உண்டு. புழுவைக் கொல்லும் நஞ்சைத் தானே உண்டாக்கும் பி.டி. பருத்தி 2002இல் அனுமதிக்கப்பட்டபோது, வயலைச் சுற்றிச் சாதாரணப் பருத்தியையும் நட வேண்டும் என்று விதி இருந்தது. தாங்கும் புழுக்கள் மட்டும் தமக்குள் இணைந்து பெருகிவிடாமல் இருக்க, தாங்காத புழுக்களும் பிழைத்திருக்க ஓர் இடம் வேண்டும் என்பது காரணம். பரிணாமம் தெரியாதவருக்கு அந்த விதி, புழுவுக்குச் சோறு போடும் பைத்தியக்காரத்தனமாகவே தெரியும். பெரும்பாலான வயல்களில் அது பின்பற்றப்படவில்லை. 2010இல் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் தலைமுறை பி.டி. பருத்தியை வென்றுவிட்டது உறுதியானது.

தமிழ்நாட்டு ஆசிரியருக்குக் கற்பிக்கும் கருவிகள் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கின்றன. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் சுமார் 12 கோடி ஆண்டுப் பழமையான கல்மரம் இருக்கிறது. அரியலூரின் சுண்ணாம்புப் பாறைகளில் கடலுயிர்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. அங்கே கடல் இருந்ததற்கான சான்றைப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கலாம். டார்வினின் நூல் வந்து நான்கே ஆண்டில், 1863இல், நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்தார். திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்தின் கற்கருவிகளுக்கு 15 லட்சம் ஆண்டு வயது. நம் இனம் பிறப்பதற்குப் பல லட்சம் ஆண்டுகள் முன்பே, நம் மண்ணில் உட்கார்ந்து கல்லைச் செதுக்கிய கைகள் யாருடையவை என்று ஒரு பிள்ளை கேட்டால், பாடம் தானாகத் தொடங்கிவிடும்.

டார்வினுக்கு இயற்கைத் தேர்வு என்ற எண்ணம் பிடிபட்டது 1838இல். உயிரினங்கள் மாறக்கூடியவை என்று வெளியே சொல்வது கொலையை ஒப்புக்கொள்வதுபோல இருக்கிறது என்று 1844இல் நண்பர் ஜோசப் ஹூக்கருக்கு எழுதினார். நூல் வந்தது 1859இல். உலகத்தைப் புரட்டிய அந்த மனிதருக்கே, தான் கண்டதை உரக்கச் சொல்ல 21 ஆண்டுகள் தேவைப்பட்டன. பதினைந்து வயதுப் பிள்ளை தயங்குவதிலும், எதிர்த்துக் கேள்வி கேட்பதிலும் குற்றம் ஏதுமில்லை. அந்தத் தயக்கத்துக்கு நேரம் கொடுப்போம். தயங்குவதற்காவது அந்தப் பாடத்தை அவர்கள் கையில் கொடுப்போம்.